வாட்ச்சா, சைக்கிள் சக்கரமா?

மாரத்தான் ஓடிவிட்டு வரும் இளைஞர்கள், "சார், என் வாட்ச் 42.6 கிலோமீட்டர் காட்டுது, பாதையைத் தப்பா அளந்துட்டாங்க" என்று குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். வாட்ச் சரியா, பாதை சரியா? ஓட்டப் பாதைகளை அளந்த வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர்தான் 1921-இல் மாரத்தானின் தூரமாக நிலைத்தது. சாலையில் அதைத் துல்லியமாக அளப்பதுதான் சிரமம். 1961-இல் இங்கிலாந்தின் ஜான் ஜுவெல், சைக்கிளால் அளக்கும் முறையை விளக்கி எழுதினார். 1964-இல் டெட் கார்பிட் அதை அமெரிக்காவில் பரப்பினார். அவர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். 1971-இல் ஆலன் ஜோன்ஸ், முன்சக்கரத்தில் பொருத்தும் எண்ணும் கருவியைச் செய்தார்.

முறை எளிது. இரும்பு டேப்பால் அளந்த ஒரு நேர்ச்சாலையில் முதலில் சைக்கிளை ஓட்டி, அந்தத் தூரத்துக்குக் கருவி எத்தனை எண்ணுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பாதையை அளப்பார்கள். முடிந்ததும் மறுபடி அதே நேர்ச்சாலையில் சரிபார்ப்பார்கள். வெயில் ஏறினால் டயரில் காற்றழுத்தம் மாறி, கணக்கும் மாறிவிடும் அல்லவா? வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியிலேயே சைக்கிள் போகும். கடைசியில், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் கூட்டுவார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர்.

இந்த 42 மீட்டருக்கு இவ்வளவு கவலையா என்று தோன்றலாம். 1981-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடி, டெரிக் கிளேட்டனின் 1969 சாதனையை 21 விநாடியில் முறியடித்தார். உலகமே கொண்டாடியது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது, பாதை சுமார் 150 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. சலசாரின் வேகத்தில் 150 மீட்டர் என்பது ஏறக்குறைய 27 விநாடி. சாதனை போய்விட்டது. ஓடியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஜிபிஎஸ் பிறகு வந்தது. பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 1 நள்ளிரவில் நிறுத்தியது. 2003-இல் கார்மினின் ஃபோர்ரன்னர் கைக்கு வந்தது. ஆனாலும் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறு இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு இடையே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் தவறு கூடும். அப்படிச் சிதறிய புள்ளிகளை வாட்ச் கோடாக இணைக்கும்போது கோடு கோணல்மாணலாகி, தூரம் கூடுகிறது. சில வளைவுகளில் மூலையை வெட்டிக் குறைப்பதும் உண்டு. போதாக்குறைக்கு, கூட்டத்தில் விலகி விலகி ஓடுபவர் உண்மையிலேயே கூடுதலாகத்தான் ஓடுகிறார்.

ஆகவே, முறையாக அளந்த பாதையைக் கொண்டு வாட்ச்சைச் சோதிக்கலாம். வாட்ச்சைக் கொண்டு பாதையைச் சோதிக்க முடியாது. உங்கள் வாட்ச்சைப் பார்க்க வேண்டுமா? 400 மீட்டர் தடகள மைதானத்தில், உள்கோட்டை ஒட்டிய முதல் தடத்தில் 10 சுற்று நடங்கள். 4 கிலோமீட்டர் காட்ட வேண்டும். காட்டுகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.