ஏறுகயிறும் யந்திரக்கூடையும்

அமெரிக்க தேசத்தில் மரமேறுதல் ஒரு கௌரவமான தொழிலாக உருவெடுத்தது மரத்தை வீழ்த்துவதற்காக அன்று, அதைப் பிழைக்க வைப்பதற்காகவே என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். இங்கிலாந்தின் சாமர்செட் பிரதேசத்தில் 1846-இல் பிறந்து, கடல் கடந்து ஓஹையோ மாகாணத்தில் குடியேறி, கெண்ட் என்னும் சிற்றூரின் மயானத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்ற ஜான் டேவி என்பவர், மரங்களுக்கும் மனிதர்க்குச் செய்வது போன்ற சிகிச்சை செய்யலாகும் என்ற உறுதியோடு, 'மர வைத்தியர்' என்று பொருள்படும் தலைப்பில் 1901-இல் ஒரு நூலை வெளியிட்டார். 1907-இல் பிரான்சிஸ் பார்ட்லெட் என்பவரும், 1909-இல் டேவியின் குடும்பத்தாரும் நிறுவிய கம்பெனிகள் இன்றளவும் நடைபெற்று வருகின்றன. அக்காலத்து மர வைத்தியர்கள் அடிமரத்துப் பொந்துகளைச் சுரண்டிச் சிமெண்டால் அடைத்தார்கள். பின்வந்த சாஸ்திரம் அந்த அடைப்பைப் பயனற்றதென்று தள்ளிவிட்டது. அவர்கள் வளர்த்த ஏறும் வித்தையை மட்டும் எவரும் தள்ளவில்லை.

அவ்வித்தையின் மூலாதாரம் கவைதான். மணிலாச் சணலாலான வடத்தை உயரமான கவையொன்றின் மேலாக எறிந்து, அதன் ஒரு தலைப்பை இடுப்புக் கச்சையிற் பிணைத்து, எஞ்சிய நுனியைக் கொண்டு மறுபுறத்து வடத்தின்மீது ஒரு முடிச்சை இட்டுக்கொண்டால், அம்முடிச்சு கையால் தள்ளும்போது வழுக்கிச் செல்லும், உடற்பாரம் விழுந்த மாத்திரத்தில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மரமேறி இரு கைகளும் விடுபட்டவனாய் அந்தரத்தில் நின்று ரம்பம் இழுக்கலாம். கவையே இல்லாத மரத்தை நெஞ்சோடு அணைத்து, காலில் தளைநாருடன் ஏறும் நம் நெல்லைச் சீமைப் பனையேறியைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது வேறொரு ஜாதிக் கலையாகவே தோன்றும். தந்திக்கம்பம் ஏறுவோர் காலில் பூட்டும் இரும்பு முள்ளும் இவர்களிடம் உண்டு. ஆனால் உயிரோடு நிற்க வேண்டிய மரத்தில் அதைக் குத்துவது பட்டையைப் புண்ணாக்குமாதலால், வீழ்த்தப்போகும் மரத்துக்கு மட்டுமே அது உரியது என்பது தொழிலின் தர்மம்.

இத்தகைய தொழிலைத் தலைகீழாக்கியது ஒரு பூஞ்சணம். ஐரோப்பாவிலிருந்து பலகைச் சீவலுக்காகக் கொணர்ந்த எல்ம் மரக்கட்டைகளோடு பட்டை வண்டுகளும், அவற்றின் உடம்பில் ஒட்டிய நோயும் கப்பலேறி வந்தன. 1930-இல் ஓஹையோவில் முதன்முதல் அந்நோய் கண்டறியப்பட்டது. நியூ இங்கிலாந்து முதல் மத்திய மேற்குப் பிரதேசம் வரையிலும் நகரங்கள் தோறும் வீதியின் இருமருங்கிலும் எல்ம் மரங்களையே நட்டு, அவற்றின் கொப்புகள் மேலே கோபுர வளைவு போலக் கூடுமாறு வளர்த்திருந்தார்கள். ஒரே இனத்தை வரிசையாக நட்ட அந்த அழகுணர்ச்சியே, வேரோடு வேர் பின்னிய மரங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நோய் பரவ வழியுமாயிற்று. பட்ட மரத்தின் பட்டைக்குள் வண்டு முட்டையிடும். குஞ்சுகள் பறந்து வெளியேறுமுன் மரத்தை வெட்டி எரித்துவிட வேண்டும். ஆகவே, மரத்தைக் காப்பாற்ற ஏறியவர்கள், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிற்பட்ட ஆண்டுகளில், செத்த மரங்களை அப்புறப்படுத்துவதற்கே வருஷம் முழுவதும் ஏற வேண்டியவர்களானார்கள்.

இங்கேதான் சங்கடம் பிறந்தது. வீடும் விளக்குக் கம்பமும் நெருங்கிய வீதியில் மரத்தை அடியோடு சாய்க்க இயலாது. கொப்பு கொப்பாகக் கயிற்றிற் கட்டி, அக்கயிற்றை மேலுள்ள கவை வழியே விட்டு, கீழே நிற்பவன் அடிமரத்தில் இரண்டொரு சுற்றுச் சுற்றிப் பாரத்தைத் தாங்கியபடி மெல்ல இறக்க வேண்டும். உயிருள்ள மரத்தில் இது நம்பகமான காரியம். பட்ட மரத்திலோ கவை எப்போது பிளக்கும் என்று சொல்லமுடியாது. பட்டை கழன்று இரும்பு முள்ளும் சறுக்கும்.

யந்திரம் இந்தத் தருணத்தில் வந்து சேர்ந்தது, மர வைத்தியர்களுக்காக அன்று. கலிபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர் செர்ரிப் பழம் பறிக்கும் சிரமத்தைக் கண்டு 1944-இல் உருவாக்கியதாகக் கூறப்படும் தூக்குக்கூடை, தோட்டத்தைக் காட்டிலும் தொலைபேசி, மின்சாரக் கம்பெனிகளுக்கே அதிகம் பயன்பட்டது. லாரியின் முதுகில் மடிந்து நீளும் கரமும், அதன் நுனியில் ஓர் ஆள் நிற்கும் கூடையுமாக, மரத்தொழிலுக்கும் அது பரவியது. மின்சாரம் பாயாதிருக்கக் கரத்தைக் கண்ணாடியிழையால் அமைக்கும் முறையும் பிற்பாடு உண்டாயிற்று. மரத்தைத் தொடாமலே அதன் உச்சியை அடையலாம் என்பதே இதன் மகத்தான லாபம்.

ஏறத் தெரியாதவனே கூடையை நாடுவான் என்ற இளப்பம் தொழிலில் இல்லாமலில்லை. எனக்கு அது வீண் பெருமையாகவே படுகிறது. கூடைக்கும் தனக்கென அபாயங்கள் உண்டு: ஈர மண்ணில் லாரி சாயலாம், விழும் கட்டை கரத்தைத் தாக்கலாம், கச்சையை மாட்டாதவன் கூடையிலிருந்து வீசியெறியப்படலாம். 1972-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட மரத்தொழில் பாதுகாப்பு விதிகள் ஏறுவோர்க்கும் கூடையிலிருப்போர்க்கும் பொதுவாகவே எழுதப்பட்டவை.

ஆயினும் லாரி புழக்கடைக்குள் நுழையாது. வேலிக்கதவு குறுகல், புல்தரைக்கடியில் கழிவுநீர்த் தொட்டி, அதற்கப்பால் மரம் என்று அமைந்த வீடுகளே அங்கு ஏராளமாதலால், கயிற்றின் ஆட்சி முடிந்துபோகவில்லை. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்ட ஆசியத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களை அழிக்கத் தொடங்கியபோது கயிறா கூடையா என்ற பழைய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தது. செத்த ஆஷ் வெகு சீக்கிரம் நொறுங்கத்தக்கதாகிவிடுகிறபடியால், தேர்ந்த மரமேறிகளும் அதில் ஏற மறுக்கிறார்கள். வேலிக்கதவு வழியே ஊர்ந்து சென்று, சிலந்தி போல நான்கு கால்களை விரித்து நிற்கும் ஐரோப்பியச் சிறுயந்திரங்கள் இப்போது இந்தக் குறையை நிரப்பி வருகின்றன. அவற்றின் விலையைத் தாங்க வகையற்ற, மூன்று நான்கு பேர் மட்டுமே உள்ள சிறு ஸ்தாபனங்கள், மரத்தின் அடியைச் சுத்தியலால் தட்டிச் சோதித்து, உறுதியானதைக் கயிற்றில் ஏறியும் மற்றதை வாடகை யந்திரத்தாலும் முடித்துக்கொள்கின்றன.