ஷ்ரிம்ப், பிரான்: இறால் வகைகள்

ஷ்ரிம்ப், பிரான் இரண்டும் பத்துக்கால் ஓட்டுடலிகள். விலங்கியலில் பிரான் என்பது பெரும்பாலும் டென்ட்ரோபிராங்கியேட்டா துணைவரிசையையும், ஷ்ரிம்ப் என்பது கரீடியா குழுவையும் குறிக்கும். முன்னதன் செவுள்கள் கிளைத்தவை. பின்னதன் செவுள்கள் தட்டையான இதழ்களால் ஆனவை. பிரானுக்கு முதல் மூன்று சோடி நடைகால்களிலும் இடுக்கிகள் உண்டு. ஷ்ரிம்புக்குப் பொதுவாக இரண்டு சோடிகளில் மட்டுமே.

வெறும் கண்ணுக்கே தெரியும் அடையாளம் வயிற்றுப் பகுதியில் உள்ளது. பிரானின் ஓடுகள் கூரை ஓடுகள்போல் முன்னது பின்னதை மூடியபடி செல்லும். ஷ்ரிம்பிலோ இரண்டாம் கண்டத்தின் பக்க ஓடு அகன்று, தனக்கு முன்னும் பின்னும் உள்ள கண்டங்கள் இரண்டையும் மூடும்.

மிக ஆழமான வேறுபாடு இனப்பெருக்கத்தில்தான். பெண் பிரான் பொதுவாக முட்டைகளை நீரில் விட்டுவிடும். பெண் ஷ்ரிம்ப் நீந்துகால்களில் ஒட்டவைத்துப் பொரியும்வரை சுமக்கும்.

சந்தைப் பெயர்கள் இந்தப் பாகுபாட்டைப் பின்பற்றுவதில்லை. தமிழகப் பண்ணைகளில் வளரும் வனாமி, ஷ்ரிம்ப் என்றே ஏற்றுமதியாகிறது. செவுளமைப்பில் அது பிரான். மாறாக, பிரான் எனப்படும் பெரிய நன்னீர் இறால் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியை கரீடியாவைச் சேர்ந்தது. உருவ அளவும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல: கருவாட்டுக் கடைகளில் கிடைக்கும் மிகச் சிறிய சென்னாக்கூனியும் டென்ட்ரோபிராங்கியேட்டாவே.