கைமாறும் கிளிக்குக் கட்டணம் உண்டா?

என்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போக வேண்டியிருந்தது. பதினோரு ஆண்டுகளாக அவர் வளர்த்து வந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை உடன் கொண்டு செல்ல வழியில்லை. "இதைச் சும்மா கொடுத்துவிடுவதா, பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பதா? பணம் வாங்கினால் வியாபாரி என்பார்கள். வாங்காவிட்டால் எவனாவது இனாமாக வாங்கிப்போய் மறுநாளே விற்றுவிடுவான்!" என்று என்னிடம் கேட்டார். பௌதிகம் கற்பிக்கும் எனக்கு உடனே விடை தெரியவில்லை. ஆனால் இதே கேள்வி உலக அளவில் எழுந்து, ஓர் இனத்தின் தலைவிதியையே ஆட்டிவைத்த வரலாறு ஒன்று உண்டு. வாசகர்களே, அதை முதலில் பார்த்துவிட்டு நண்பரிடம் திரும்பி வருவோம்.

நாயோ பூனையோ பெரும்பாலும் நம் கண்ணெதிரிலேயே வாழ்ந்து முடிகிறது. கிளி அப்படியன்று. சிகாகோ அருகிலுள்ள புரூக்ஃபீல்டு மிருகக்காட்சிசாலையில் இருந்த குக்கி என்னும் கொண்டைக்கிளி 83 வயது வரை வாழ்ந்து 2016ல் இறந்தது. எல்லாக் கிளிகளுக்கும் அத்தனை ஆயுள் இல்லை. எனினும் பெரிய கிளிகள் 40, 50 ஆண்டுகள் வாழ்வது அரிதன்று. நாற்பது வயதில் ஒருவர் கிளிக்குஞ்சு வாங்கினால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பெரிய கிளி கைமாறுவது விபத்தன்று. அதன் ஆயுளோடு கூடவே வரும் நிகழ்ச்சி அது. ஆகவே 'கைமாறும்போது பணம் எந்தப் பக்கம் போக வேண்டும்?' என்பது அற்பமான கேள்வியன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மன் இயற்கை விஞ்ஞானி ஸ்பிக்ஸ், 1819ல் பிரேஸிலின் வடகிழக்கில் சாவ் பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் ஒரு நீலக் கிளியைக் கண்டார். பஞ்சவர்ணக்கிளிகளின் உறவினம் அது. ஆனால் ஐந்து வண்ணம் இல்லை. உடல் முழுவதும் நீலம், தலை மட்டும் சாம்பல் படர்ந்த நீலம். முட்புதர் மண்டிய வறண்ட காட்டில், ஓடைக்கரையில் நிற்கும் முதிய மரங்களின் பொந்துகளே அதன் வீடு. பின்னாளில் அவர் பெயராலேயே அது ஸ்பிக்ஸ் மக்கா என்று அழைக்கப்பட்டது.

ஓடைக்கரை மரங்கள் வெட்டப்பட்டதால் அவ்வினம் குறைந்தது. குறைந்ததால் அரிய பொருள் ஆயிற்று. அரிய பொருள் ஆனதால் விலை ஏறியது. விலை ஏறியதால் இன்னும் பலர் பிடிக்க வந்தார்கள். கல்யாண வீட்டில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுபோனால் 'வீல்' என்று அலறுகிறதல்லவா? ஒலிபெருக்கியின் ஒலி மைக்கில் நுழைந்து, பெருகி, மீண்டும் ஒலிபெருக்கிக்கே வருகிறது. இதை நேர்ப்பின்னூட்டம் என்கிறோம். அரிய உயிரினங்களின் சந்தையும் இவ்வாறே இயங்குகிறது. மற்றப் பொருள்களில் விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். இங்கோ விலையே ஆசையைத் தூண்டுகிறது.

பிரேஸில் 1967ஆம் ஆண்டிலேயே காட்டு விலங்கு வியாபாரத்தைச் சட்டத்தால் தடுத்தது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' ஒப்பந்தம் 1975ல் நடைமுறைக்கு வந்தபோது, வர்த்தக நோக்கில் எல்லை கடத்தவே கூடாத உயிரினங்களின் முதல் பட்டியலில் ஸ்பிக்ஸ் மக்காவும் இடம்பெற்றது. பின்னூட்டம் நிற்கவில்லை. 1986ல் ஆய்வாளர்கள் தேடியபோது காட்டில் காணக் கிடைத்தவை மூன்றே மூன்று. அடுத்த ஈராண்டுகளில் அவையும் பிடிபட்டுப் போயின என்றே கருதினார்கள். 1990ல் மட்டும் ஓர் ஆண் பறவை கண்ணில் பட்டது. தன் இனத்தில் துணை இல்லாமல் வேறோர் இனத்துப் பெண் மக்காவோடு அது சுற்றித் திரிந்தது!

அப்போது உலகில் எஞ்சியிருந்த மற்ற ஸ்பிக்ஸ் மக்காக்கள் எல்லாம் தனியார் கூண்டுகளிலும் சில மிருகக்காட்சிசாலைகளிலும் இருந்தன. ஆகவே இனத்தைக் காக்க வேண்டுமானால் உடைமையாளர்கள் மனம் வைக்க வேண்டும். பிரேஸில் அரசு 1990ல் ஒரு குழுவை அமைத்து, உடைமையாளர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. எந்தப் பறவையை எதனோடு சேர்ப்பது, எங்கே அனுப்புவது என்பதைப் பறவையின் நலன் கருதிக் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதே நோக்கம்.

1995ல் கூண்டிலிருந்த ஒரு பெண் பறவையைக் காட்டில் விட்டார்கள். தனித்திருந்த ஆணோடு அது சேரவும் செய்தது. ஏழு வாரங்களில் அது மறைந்துபோயிற்று. மின்கம்பியில் மோதி மடிந்தது எனப் பின்னர் அறிந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் அந்த ஆண் பறவையையும் எவரும் காணவில்லை. குழுவுக்குள்ளோ, பறவை யாருடையது, யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற பூசல் முற்றியது. 2002ல் குழுவே கலைக்கப்பட்டது. காட்டில் ஒரு பறவைகூட இல்லாத நேரத்தில் கூண்டுகளின் சொந்தக்காரர்களும் ஒன்றுபடவில்லை!

அதே 2002ல் ஒரு விந்தை நடந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு வீட்டில், பிரெஸ்லி என்று பெயரிட்டு வளர்த்துவந்த நீலக் கிளி ஸ்பிக்ஸ் மக்கா எனக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது பிரேஸிலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முதல் பட்டியலில் உள்ள பறவை விற்பனைப் பொருளாக எல்லை தாண்ட முடியாது. ஒப்படைப்பாகத்தான் போக முடியும். விலை என்ற பேச்சு புகாத இடத்தில் வேலை சில மாதங்களில் முடிந்துவிட்டது பார்த்தீர்களா? பிரெஸ்லி 2014ல் பிரேஸிலிலேயே இறந்தது.

'அப்படியானால் பணமே கெடுதல்' என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் சரியன்று. கத்தார் நாட்டு ஷேக் ஒருவர் தம் அல் வாப்ரா காப்பகத்துக்காக உடைமையாளர்களிடமிருந்து இப்பறவைகள் பலவற்றைப் பெற்றார். அக்கைமாற்றங்கள் கண்டனத்துக்கு உள்ளாயின. ஆனால் அங்கே மருத்துவமும் இனப்பெருக்க ஆராய்ச்சியும் பெரும்பொருட் செலவில் நடந்தன, குஞ்சுகள் பெருகின. 2009ல் அக்காப்பகம் பிரேஸிலில் அப்பறவையின் பழைய வாழிடத்தில் 2,380 ஹெக்டேர் பண்ணை நிலத்தையும் வாங்கியது. 2020 மார்ச்சில் ஜெர்மனியிலிருந்து 52 பறவைகள் பிரேஸில் போய்ச் சேர்ந்தன. 2022ல் ஜூனில் எட்டும் டிசம்பரில் பன்னிரண்டுமாக அவை காட்டில் விடப்பட்டன. இந்தப் பணம் இல்லாமல் அந்த நாள் வந்திருக்குமா என்பது ஐயமே.

பூசல் அதோடு ஓயவில்லை. 2023ல் ஜெர்மனியிலிருந்து 26 பறவைகள் நம் நாட்டின் ஜாம்நகருக்கு வந்தன. வர்த்தகமற்ற பரிமாற்றம் என்றே அனுமதி பெற்றிருந்தும், தன் ஒப்புதல் இல்லாமல் நடந்ததென்று பிரேஸில் ஆட்சேபித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி!

இவ்வரலாறு காட்டுவது இதுதான்: பணத்தில் நல்லது கெட்டது இல்லை, அது போகும் திசையில்தான் இருக்கிறது. பறவையோடு சேர்ந்து புதிய வீட்டுக்குப் போகும் பணம், அதாவது கூண்டு, தீனி, மருத்துவம், இடம் ஆகியவற்றுக்கான பணம், அதைக் காக்கிறது. பறவையைக் கொடுப்பவர் பைக்குள் இலாபமாகத் திரும்பும் பணமோ, அடுத்த பறவையைப் பிடிக்க ஆள் அனுப்புகிறது.

மேல்நாடுகளில் கைவிடப்பட்ட கிளிகளைப் பராமரிக்கும் நிலையங்கள் பல, புதிய வீட்டாரிடம் ஒரு தொகை வாங்குகின்றன. மருத்துவச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டுவது அதன் ஒரு பயன். இனாமாக வாங்கி விற்க நினைப்பவரை விலக்குவது மற்றொன்று. இவை நியாயமான காரணங்களே. ஆனால் தொகை என்பது ஒரு சல்லடைதான். பணமுள்ள அலட்சியக்காரன் அதில் எளிதாகப் புகுந்துவிடுவான். அன்புள்ள ஏழை வெளியே நின்றுவிடுவான். ஆகவே அந்த வீட்டை நேரில் போய்ப் பார்ப்பதற்கும், பறவையோடு அவர்கள் சில நாள் பழகுவதைக் கவனிப்பதற்கும் அது ஈடாகாது.

நம் நாட்டில் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் பச்சைக்கிளிகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். அங்கே கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. சாம்பல் கிளி போன்ற, சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பறவைகளை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றைப் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும்.

நண்பரிடம் நான் சொன்னது இதுவே: "கிளிக்கு விலை வாங்காதீர்கள். வாங்கப் போகிறவரையே ஒரு நல்ல பெரிய கூண்டுக்கும், பறவை மருத்துவரிடம் ஒரு பரிசோதனைக்கும் செலவு செய்யச் சொல்லுங்கள். மனமுள்ளவர் செய்வார், விற்க நினைப்பவர் வரமாட்டார்." அவரும் அப்படியே செய்தார். முதலில் வந்த இருவர் கூண்டு என்றதும் திரும்பிப் போனார்கள். மூன்றாவதாக வந்த ஓய்வுபெற்ற தம்பதியர் கூண்டின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். கிளி இன்று அவர்கள் வீட்டில் இருக்கிறது. பதிவும் அவர்கள் பெயருக்கு மாறிவிட்டது.

உங்கள் தெருவிலும் ஒரு கிளி ஒருநாள் கைமாறக்கூடும். 'என்ன விலை?' என்று எவராவது கேட்டால், 'அது போகும் வீட்டில் அதற்காக என்ன செலவு செய்யப் போகிறார்கள்?' என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா?