ஒற்றைக் கோபுரமும் பக்கத்து மியூசியமும்

கோவா என்றாலே நமக்கெல்லாம் கடற்கரையும் முந்திரியும்தான். பழைய கோவா வரை போகிறவர்களும் புனித சவேரியாரின் உடல் இருக்கிற பாம் ஜீசஸ் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே டாக்ஸி ஏறிவிடுகிறோம். சாலையைத் தாண்டி எதிரே இருக்கிற மைதானத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

அங்கே நிற்பது சே கதீட்ரல். பீஜப்பூர் சுல்தானிடமிருந்து அல்புகர்க் இந்த ஊரைப் பிடித்தது 1510 நவம்பர் 25, புனித கத்தரீனாள் திருநாள். அதனால் கோயிலும் அவர் பெயரில். 1562-ல் ஆரம்பித்து 1619-ல் கட்டி முடித்தார்கள். இரண்டு கோபுரங்களில் ஒன்று 1776-ல் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டவே இல்லை. கொள்ளைநோய்க்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஜனங்கள் ஏற்கெனவே ஊரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். 1843-ல் தலைநகரமும் பஞ்சிமுக்குப் போய்விட்டது.

இப்போது புல்வெளியாக இருக்கிற இந்த இடத்தை ஒட்டித்தான் சுல்தானின் அரண்மனை இருந்தது. 1560-ல் வந்த மத விசாரணை மன்றம் அதில்தான் நடந்தது. கிறிஸ்தவர்களாக மாறிய பிறகும் பழைய வழக்கங்களை ரகசியமாக வைத்திருந்தார்கள் என்று எத்தனையோ பேரை இழுத்துப் போய் விசாரித்தார்கள். 1812-ல்தான் அது ஒழிந்தது. இன்றைக்கு அந்தக் கட்டடம் இல்லை.

இதே கோவாவில்தான் 1577-ல் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன என்பதும் நிஜம். மறுவருடம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அச்சில் வந்து இன்றும் கிடைக்கிற தமிழ்ப் புத்தகங்களில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அதுதான். ஒரே ஊர், பதினேழு வருட இடைவெளி. எதை மட்டும் சொல்வது, எதை விடுவது?

அதற்குத்தான் பக்கத்து மியூசியம். புனித பிரான்சிஸ் அசிசி கோயிலை ஒட்டிய பழைய மடத்தில், போர்ச்சுகீசியர் போன பிறகு 1964-ல் இந்தியத் தொல்லியல் துறை ஆரம்பித்தது. மாடியில் வைஸ்ராய்கள் வரிசையாக ஓவியங்களில் முறைக்கிறார்கள். கீழே கோயில் சிற்பங்கள், நடுகற்கள், சதிக்கற்கள். அல்புகர்க்கின் வெண்கலச் சிலையும் அங்கேதான். ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே கூரையின் கீழ்.

யாரையும் உடைக்காமல், யாருக்கும் மாலை போடாமல் பெயர்ப்பலகை மட்டும் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கோபுரம் ஏன் ஒன்று என்று குழந்தைகள் கேட்டால் இந்த மியூசியத்துக்குள் கூட்டிப்போய் முழுக் கதையையும் சொல்லுங்கள்.