கையில் ஏந்திய மூளை

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மூளை அருங்காட்சியகத்தைக் காணக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாம் சிலர் சென்றிருந்தோம். பதப்படுத்தப்பட்ட மனித மூளைகள் அங்கே வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒன்றைக் கையில் ஏந்தவும் இசைவு தந்தனர். ஒன்றரைக் கிலோவும் தேறாது. குருதி கசிந்து கறுத்தது, கட்டி வளர்ந்தது, நாடாப்புழுவின் கூடுகள் துளைத்தது என ஒவ்வொன்றின் நோயும் வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது.

நம்முடன் வந்த முதியவர் ஒருவர், "மனம் பேதலித்தவரின் மூளை இதில் எது?" என வினவினார். மனச்சிதைவு நோயை அவ்வாறு வெறுங்கண்ணால் இனங்காண இயலாது. கண்ணுக்குத் தெரியாத காரணத்தால்தான் அதைப் பேய் என்றும் சாபம் என்றும் நம் முன்னோர் அழைத்தனர் போலும். முன்னோரை மட்டும் சொல்வானேன்? நாமும் அழைத்தோம்.

சென்னையில் 1794-இல் கம்பெனி மருத்துவர் வாலன்டைன் கானலி 16 நோயாளிகளுடன் ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். அது 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம்பெயர்ந்தது. நம் பள்ளத்தாக்கிலிருந்து அது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இராயப்பன்பட்டியிலோ அனுமந்தன்பட்டியிலோ ஓர் ஏழை விவசாயிக்கு அது எட்டாத தொலைவு. ஆகவே திருத்தலமும் தர்காவும் கோயிலும் மருத்துவமனைகளாயின. அவையும் பயன்தராதபோது மாட்டுத் தொழுவம் இருந்தது. ஆறுதல் தேடி அங்கெல்லாம் சென்றோரை நாம் பழிக்கவில்லை. கூடவே மருந்தும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே நம் ஆதங்கம்.

2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓடித் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது.

ஆயினும் வேறொரு வழி அதற்கு வெகுமுன்பே நம் நாட்டில் தோன்றியிருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, நோயாளியுடன் அவர்தம் குடும்பத்தாரையும் தங்கச் செய்தார். நோயைப் பற்றி வீட்டார் அங்கேயே கற்றனர். குணமானவரை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். புனித இறை யோவானும் கிரனாதா மருத்துவமனையில் மனநோயாளியாக அடைக்கப்பட்டுச் சவுக்கடி பட்டவரே. பின்னாளில் அதே நகரில் நோயாளிகளுக்கு அவர் இல்லம் அமைத்தார்.

திரும்பும் வழியில் வத்தலக்குண்டைத் தாண்டும் வரை அந்த முதியவர் வாய் திறக்கவில்லை. பிறகு, தம் தம்பியைப் பதினோரு ஆண்டுகள் தொழுவத்தில் கட்டி வைத்திருந்ததாகச் சொன்னார். சோறு வைத்ததும் சங்கிலியைப் பூட்டியதும் தம் கையே என்றார். அத்தம்பியின் மீது சிறுவயதில் கல்லெறிந்தவர் இருவர் அதே வண்டியில் இருந்தோம்.