எடுக்காத பணத்துக்கும் வரி ஏன்? மியூச்சுவல் பண்ட் கணக்கு

கனடாவில் மார்ச் மாதம் நம் வீடுகளுக்கு வரும் கடிதங்களில் ரி3 படிவமும் ஒன்று. "நாங்கள் ஒரு சதமும் எடுக்கவில்லையே, எதற்கு வரி?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

மியூச்சுவல் பண்ட் என்பது பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் நிதியம். அது வைத்திருக்கும் பங்குகளில் பங்கிலாபமும் கடன்முறிகளில் வட்டியும் கிடைக்கும். பங்குகளை விற்றால் மூலதன இலாபம் வரும். இவற்றை நிதியம் நமக்குப் பகிர்கிறது. நாம் கேட்காவிட்டால் அந்தப் பணத்துக்கு மேலும் அலகுகள் வாங்கப்படும். கையில் காசு வராது, ஆனால் வரிச் சட்டத்தில் அது நம் வருமானம்.

சீட்டில் கழிவு வந்தால் அது இலாபம். நிதியத்தின் பகிர்வு அப்படியல்ல. 10 டொலர் வீதம் 1,000 அலகுகள் வாங்கினோம் என்று வைப்போம். அலகுக்கு 50 சதம் பகிர்ந்தால் விலை 9.50 ஆக இறங்கும். அந்த 500 டொலருக்கு மேலும் அலகுகள் சேரும். மொத்தப் பெறுமதி அதே 10,000 டொலர்தான். ஆகவே பகிர்வுக்கு முதல்நாள் வாங்கினால், பிறர் காலத்து இலாபத்துக்கும் நாமே வரி கட்டுவோம். டிசம்பரில் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நாம் அதிகம் தவறவிடும் இடம் அடுத்தது. வரி கட்டிய அந்த 500 டொலர் நம் கிரயத்தோடு சேரும். கிரயம் இப்போது 10,500. பிள்ளையின் படிப்புக்காக எல்லாவற்றையும் 12,000க்கு விற்றால் இலாபம் 1,500 மட்டுமே. அதில் பாதி, 750 டொலர், வருமானத்தில் சேரும். பழைய 10,000ஐயே கிரயமாகக் காட்டினால் அந்த 500க்கு இரண்டாம் முறையும் வரி போகும்.

சில நிதியங்கள் நம் முதலையே திருப்பித் தரும். ரி3இன் 42ஆம் பெட்டியில் அந்தத் தொகை இருக்கும். அதற்கு உடனே வரியில்லை. கிரயத்திலிருந்து கழிக்க வேண்டும். மாதாமாதம் வரும் காசெல்லாம் வருவாய் என்று நம்பிவிடக் கூடாது. விலை ஏற்ற இறக்கத்தையும் பகிர்வையும் சேர்த்துப் பார்ப்பதே உண்மையான வருவாய்.

ரி.எஃப்.எஸ்.ஏ கணக்கில் இந்த வரித் தொல்லை இல்லை. ஆர்.ஆர்.எஸ்.பி கணக்கில் பணத்தை எடுக்கும்போதுதான் வரி. மற்றக் கணக்குகளுக்கு, வாங்கிய நாள் முதலான கூற்றுகளையும் ரி3 படிவங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைப்போம். விற்கும் நாளில் அதுதான் நம் சாட்சி.