ஞானப்பல் எடுத்த பிறகு சிக்கல் யாருக்கு வரும்? டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது என்ன?

உத்திரமேரூர் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து ஞானப்பல் எடுக்க காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போகிறவர்கள், அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி வலி தாங்க முடியலைன்னா, மறுபடியும் கிட்டத்தட்ட 30 கி.மீ. போகணும். இந்த நிலை யாருக்கு வரும் என்பதைப் பல் எடுக்கும் முன்பே ஓரளவு கணித்துவிடலாம்.

மூன்றாம் நாள் என்ன நடக்கிறது?

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து, எலும்பை மூடிக் காக்கும். வீக்கம் இரண்டு, மூன்று நாள் கூடி, பிறகு வடியும். அந்த ரத்தக்கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளியே தெரியும். இதுதான் 'டிரை சாக்கெட்'. குறைய வேண்டிய வலி கூடி, காது வரை இழுக்கும். வாயில் நாற்றமும் வரும்.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

* பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள். புகை இழுக்கும்போது ரத்தக்கட்டி பெயரலாம். நிகோடின் ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். வலிக்குதேன்னு குழியில் புகையிலையை அடக்குவது இன்னும் ஆபத்து.
* 25 வயதைத் தாண்டியவர்கள். வேர் முழுதாக வளர்ந்து, எலும்பும் இறுகிவிடும்.
* கீழ்த்தாடையில் படுத்த மாதிரி புதைந்த பல் உள்ளவர்கள். வேர் நரம்பை ஒட்டி இருந்தால் கீழ் உதடு மரத்துப் போகலாம். பெரும்பாலும் நாளடைவில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். அதனால்தான் முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.
* சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள். புண் ஆற லேட்டாகும், தொற்றும் எளிதில் வரும்.
* கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள்.

மாத்திரை அட்டையைக் கொண்டு போங்க

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் சுகர், பிரஷர் மாத்திரை உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டவர்களும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் தாடை, கழுத்துப் பகுதிக்கு ரேடியேஷன் எடுத்தவர்களும், வருஷக்கணக்கில் ஆகியிருந்தாலும் சொல்லியே ஆகணும். அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

கிளினிக்கையும் கவனியுங்கள்

2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்றால் இறந்தனர். சுத்திகரிக்காத கருவியால் திறந்த சலைன் பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே காரணம் என 2025-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. இது மிக அரிது. ஆனாலும், "கருவியை ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சா? சலைன் புதுசா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், வேகமாகத் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். குறைந்தது 3 நாள் புகை கூடவே கூடாது.

எப்போது உடனே கிளம்பணும்?

அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல், சீழ், மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடும் வலி அல்லது வீக்கம் என்றால் பல் டாக்டரைப் பாருங்கள். டிரை சாக்கெட்டாக இருந்தால் குழியைக் கழுவி மருந்து வைத்ததுமே பெரும்பாலும் வலி குறையும். தாடைக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் விடியட்டும்னு காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.